ஒரே ரேட், ஒரே ஒட்டுறவு, ஆனா அவுட்புட் மட்டும் வேற: கூட்டு உள்ளீடு நியூரானை என்னதான் செய்யுது?

#1 அலைவரிசை

வணக்கம். எடுத்துக்கிட்டது ஒரே ஒரு லீக்கி இன்டகிரேட் அண்ட் ஃபயர் நியூரான் (உள்ளீட்டைக் கூட்டிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா கசியவிட்டு, த்ரெஷோல்டுங்கிற எல்லையைத் தொட்டா ஸ்பைக் போடுற எளிய கணினி மாடல்). சவ்வின் காலமாறிலி 20 மில்லிநொடி. ஓய்வு மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட், த்ரெஷோல்டு −55, ஸ்பைக் முடிஞ்சதும் −70க்கே ரீசெட், அதுக்கப்புறம் 2 மில்லிநொடி எதுக்கும் அசையாது. 1000 தூண்டு சினாப்ஸ். ஒவ்வொண்ணுக்கும் 5 ஹெர்ட்ஸ்ல பாய்சான் ஸ்பைக், அதாவது தற்செயலான நேரங்கள்ல, வருது. ஒரு ஸ்பைக் வந்தா மின்னழுத்தம் 0.1 மில்லிவோல்ட் ஏறும். தடுப்பு சினாப்ஸ் இன்னும் சேர்க்கல.

ஆயிரமும் தனித்தனியா வந்தா 100 நொடி ஓட்டினாலும் ஒரு ஸ்பைக் இல்ல. எல்லாத்துக்கும் பொதுவான ஒரு தொடரைக் கலந்து ஜோடி ஒட்டுறவை (கோரிலேஷன், ரெண்டு உள்ளீடு எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குதுங்கிற எண்) 0.01 ஆக்கினா, 100 நொடிக்கு அஞ்சு ஸ்பைக் மாதிரி வருது. அதே 0.01 ஒட்டுறவை வேற முறையில, ஒரு வேகமான தாய்த்தொடர்லருந்து ஆளுக்குக் கொஞ்சம் நகல் எடுத்து உண்டாக்கினா, நொடிக்கே சில ஸ்பைக் வருது. ரேட் ஒண்ணு, ஒட்டுறவு எண் ஒண்ணு. கோடுல பிழையா, இல்ல இது இப்படித்தானா?

#2 தெளிமானி

கோடில் பிழை இல்லை. கையால் கணக்குப் போட்டாலே மூன்றும் வந்துவிடும்.

சராசரியிலிருந்து தொடங்குவோம். நொடிக்கு 5000 ஸ்பைக், ஒவ்வொன்றும் 0.1, காலமாறிலி 0.02 நொடி. பெருக்கினால் 10 மில்லிவோல்ட். ஆக மின்னழுத்தம் −60ஐச் சுற்றி ஆடுகிறது, த்ரெஷோல்டு இன்னும் 5 மில்லிவோல்ட் மேலே இருக்கிறது. மூன்று முறையிலும் சராசரி இதேதான். ஆகவே சராசரியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

இப்போது ஆட்டம். தனித்தனி உள்ளீடு என்றால் பரவற்படி (வேரியன்ஸ், திட்டவிலக்கத்தின் வர்க்கம்) = 0.1 × 0.1 × 5000 × 0.02 ÷ 2 = 0.5. திட்டவிலக்கம் 0.71 மில்லிவோல்ட். த்ரெஷோல்டு ஏழு திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது. எட்டவே எட்டாது.

ஒட்டுறவு வந்தால் பரவற்படி 1 + 999 × 0.01, அதாவது 10.99 மடங்கு ஆகிறது. இந்த 999தான் விஷயம். ஒரு ஜோடியை மட்டும் பார்த்தால் 0.01 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆயிரம் உள்ளீட்டுக்குள் ஐந்து லட்சம் ஜோடி இருக்கிறது, எல்லாமே ஒரே பக்கம் தள்ளுகிறது. பரவற்படி 5.5, திட்டவிலக்கம் 2.34. இப்போது த்ரெஷோல்டு இரண்டு திட்டவிலக்கத்துக்குச் சற்று மேலே. அடிக்கடி தொட்டுவிடும்.

டிஃப்யூஷன் தோராயத்தில் (தாவல்களைத் தொடர்ச்சியான இரைச்சலாக வைத்துக்கொள்வது) முதல் கடப்பு நேரச் சூத்திரத்தை, அதாவது த்ரெஷோல்டை முதலில் தொட ஆகும் நேரத்தைப் போட்டால் நொடிக்கு சுமார் 3 ஸ்பைக் வருகிறது. தாவல்கள் பெரிதாக இருப்பதால் அந்தத் தோராயம் இங்கே கச்சிதமாகப் பொருந்தாது. 3 என்பதை ஒரு மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

#3 பழைய_பாய்சான்

அதே சூத்திரத்தில் 0.71ஐப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்பைக்குக்கு சுமார் 16 ஆண்டு. 100 நொடிக்கு அப்புறமும் விடாமல் ஓட்டினால் கிடைக்கும், அலைவரிசை. பொறுமை வேண்டும்.

#4 அலைவரிசை

:) சரி சார். ஆனா பரவற்படி ரெண்டு முறையிலும் 5.5தானே? பொதுத்தொடர் முறைக்கும் கணக்குப் போட்டேன், அதே எண்தான் வருது. அப்புறம் ஏன் அங்க மட்டும் 100 நொடிக்கு அஞ்சு?

#5 தெளிமானி

நல்ல கேள்வி. பரவற்படி ஒன்றுதான், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது வேறு.

பொதுத்தொடர் முறையை எஸ்.ஐ.பி. (சிங்கிள் இன்டராக்‌ஷன் புராசஸ்) என்பார்கள். ஒவ்வொரு உள்ளீடும் 4.95 ஹெர்ட்ஸ் சொந்த ஸ்பைக், 0.05 ஹெர்ட்ஸ் பொது ஸ்பைக். பொது ஸ்பைக் 20 நொடிக்கு ஒருமுறை வரும். வரும்போது ஆயிரமும் ஒரே கணத்தில் விழும். ஏற்றம் 100 மில்லிவோல்ட்! த்ரெஷோல்டைத் தாண்ட வேண்டியது 5 மில்லிவோல்ட், அதாவது சுமார் 50 ஸ்பைக் போதும். மீதி 950ம் வீண். எத்தனை விழுந்தாலும் நியூரான் ஒரு ஸ்பைக்தான் தரும், உடனே ரீசெட். இடைப்பட்ட 20 நொடியும் தனித்தனி உள்ளீட்டின் அதே 0.71தான். ஆகவே வெளியீடு 0.05 ஹெர்ட்ஸ், 100 நொடிக்கு ஐந்து.

தாய்த்தொடர் முறை எம்.ஐ.பி. (மல்டிபிள் இன்டராக்‌ஷன் புராசஸ்). தாய் 500 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு தாய் நிகழ்வையும் ஒவ்வொரு உள்ளீடும் 0.01 வாய்ப்போடு நகல் எடுக்கிறது. ஒரு நிகழ்வுக்குச் சராசரி 10 பேர், திட்டவிலக்கம் 3. ஏற்றம் சுமார் 1 மில்லிவோல்ட். 2 மில்லிநொடிக்கு ஒரு சின்னத் தள்ளல். நான்கைந்து நெருக்கி வந்தால் த்ரெஷோல்டு. ஸ்பைக் எதுவும் பெரிதாக வீணாவதில்லை.

முன்னது ஆண்டுக்கு ஒருமுறை அணை உடைகிற மாதிரி, பின்னது நாள்தோறும் மடையில் ஓடுகிற நீர். மொத்த நீர் ஒன்றுதான், நெல்லுக்குப் போய்ச் சேர்வது வேறு.

ஜோடி ஒட்டுறவு என்பது இரண்டாம் வரிசை வரைதான் பேசும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் கூடுகிறார்கள் என்பதை மூன்றாம், நான்காம் வரிசைதான் சொல்லும். குன், ஆர்ட்சென், ரோட்டர் மூவரும் 2003இல் இந்த இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைத்தான் காட்டினார்கள்.

#6 குறுக்குச்சால்

100 மில்லிவோல்ட் ஏற்றம்னு எழுதும்போதே யோசிச்சிருக்கணும். எந்த நியூரான்ல அப்படி நடக்கும்? சினாப்ஸ்ங்கிறது கடத்துதிறன். தூண்டு சினாப்ஸோட திருப்ப மின்னழுத்தம் (அதோட மின்னோட்டம் நின்னுபோற எல்லை) 0 பக்கம். ஆயிரம் ஒண்ணா திறந்தாலும் −70லருந்து 0க்கு மேல ஏறாது. டெல்டா கரன்ட் மாடல்ல (ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் மின்னழுத்தம் ஒரே அளவு தாவுற மாடல்) வர்ற முடிவ வெச்சு மூளையப் பத்திப் பேசாதீங்க.

#7 தெளிமானி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது என் வாதத்தை இன்னும் பலப்படுத்துகிறது. கடத்துதிறன் மாதிரியில் ஒன்றாக வரும் ஸ்பைக்குகள் ஒன்றின் பலனை மற்றொன்று குறைக்கும், வீண் இன்னும் அதிகம். எஸ்.ஐ.பி. அப்போதும் 0.05 ஹெர்ட்ஸ்தான் தரும். எம்.ஐ.பி.யின் 1 மில்லிவோல்ட் தாவலில் தள்ளுவிசை (அந்த 0 எல்லைக்கு இருக்கும் தூரம்) 60இலிருந்து 59 ஆகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன், இதைக் கேட்கத்தான் போகிறீர்கள். எம்.ஐ.பி.யில் ஒட்டுறவைக் கூட்டிக்கொண்டே போனால் வெளியீடும் ஏறிக்கொண்டே போகாது. இங்கே ஸ்பைக் பிறப்பது தாய் நிகழ்வில் மட்டும்தான், ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் ஒன்று. தாயின் ரேட் = 5 ÷ ஒட்டுறவு. 0.01இல் கூரை 500. 0.1இல் 50. 1 என்று வைத்தால் ஆயிரம் உள்ளீடும் ஒரே தொடர், கூரை வெறும் 5 ஹெர்ட்ஸ், அதைத் தொட்டுவிடும். ஒட்டுறவு பூஜ்யத்தில் வெளியீடு இல்லை, ஒன்றில் 5, நடுவில் எங்கோ ஒரு உச்சம். தாவலின் அளவு த்ரெஷோல்டு இடைவெளிக்குச் சமமாகும் சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள். 0.05 வைத்தால் தாவல் சரியாக 5 மில்லிவோல்ட்.

#8 மேகலை_கணி

கோட் பக்கம் நான் வர்றேன். இந்தச் சோதனையில அடிக்கடி சறுக்குற இடங்கள் இவை.

நெஸ்ட்ல (நியூரான் நெட்வொர்க் சிமுலேட்டர்) எம்.ஐ.பி. ஜெனரேட்டர் தயாரா இருக்கு. ரெண்டு அளவுரு: ரேட், நகல் வாய்ப்பு. இதுல ரேட்ங்கிறது தாயோட ரேட், குழந்தையோடது இல்ல. 5 ஹெர்ட்ஸ் வேணும்னு 5ன்னே குடுத்தா ஒவ்வொரு உள்ளீடும் 0.05 ஹெர்ட்ஸ்ல வரும், நியூரான் சத்தமே போடாது. 500, 0.01ன்னு குடுக்கணும். ஜெனரேட்டரை 1000 பேரட் நியூரானுக்கு (வந்த ஸ்பைக்கை அப்படியே திருப்பி அனுப்புறது) இணைச்சு, பேரட்லருந்து நம்ம நியூரானுக்கு. பேரட் இருந்தாத்தான் உள்ளீட்டைப் பதிவு செஞ்சு சரிபார்க்க முடியும். ஒரு சினாப்ஸ் தாமதம் கூடும், அதைக் கணக்குல வெச்சுக்குங்க.

இதுக்கு நேர் எதிர்ப் பிழை பாய்சான் ஜெனரேட்டர்ல. ஒரே ஜெனரேட்டரை ரெண்டு நியூரானுக்கு இணைச்சா ரெண்டுக்கும் ஒரே ஸ்பைக் போகும்னு நினைக்கிறோம். போகாது. நெஸ்ட் ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தொடர் உண்டாக்கும். பொது உள்ளீடு வேணும்னா நடுவுல பேரட் வெச்சே ஆகணும். இன்னொரு சிமுலேட்டரான பிரையன்ல பாய்சான்இன்புட் கூட அப்படித்தான், ஒவ்வொரு நியூரானுக்கும் தனியாத்தான் கூட்டும். பகிரணும்னா பாய்சான்குரூப் போட்டு சினாப்ஸ் வழியா அனுப்பணும்.

சொந்தமா பைத்தான்ல எழுதினா: 100 நொடி, 0.1 மில்லிநொடிப் படி, 1000 உள்ளீடு. இதை அப்படியே பூஜ்யம்-ஒன்று அணியா வெச்சா 1 ஜிபி. தேவையே இல்ல. நியூரானுக்குத் தெரியறது கூட்டுத்தொகை மட்டும்தான். தாய் நிகழ்வுகள் சுமார் 50,000. ஒவ்வொண்ணுக்கும் 1000, 0.01ன்னு ஒரு ஈருறுப்பு எண் எடுத்தாப் போதும், அந்த எண் × 0.1ஐ மின்னழுத்தத்துல கூட்டிட்டுப் போயிடலாம்.

சரிபார்க்க: கூட்டு உள்ளீட்டை 10 மில்லிநொடிப் பெட்டியாப் பிரிச்சு, ஸ்பைக் எண்ணிக்கையோட பரவற்படி ÷ சராசரி பாருங்க. 10.99 பக்கம் வரணும். எம்.ஐ.பி.யில 100 நொடிக்கு ஒழுங்கா வரும். எஸ்.ஐ.பி.யில வராது, ஏன்னா 100 நொடியில பொது நிகழ்வே அஞ்சுதான். மூணு வந்தா ஒரு எண், எட்டு வந்தா வேற எண். அங்க கோட் சரியான்னு பார்க்க சில ஆயிரம் நொடி ஓட்டணும்.

கடைசியா சீட் (தற்செயல் எண்களோட தொடக்க எண்). பல புராசஸ்ல பிரிச்சு ஓட்டும்போது எல்லாத்துக்கும் ஒரே சீட் போயிட்டா “தனித்தனி” இரைச்சல் எல்லாம் ஒரே இரைச்சல். ஒட்டுறவு 1! லினக்ஸ்ல ஃபோர்க் ஆகும்போது (புராசஸ் நகலாகும்போது) நம்பைங்கிற பைத்தான் நூலகத்தோட பொது ஜெனரேட்டர் நிலை அப்படியே நகலாகும். சீட்சீக்வன்ஸ்லருந்து ஸ்பான் பண்ணி ஆளுக்கொண்ணு குடுங்க.

#9 அலைவரிசை

அக்கா, அந்த 5 குடுத்த பிழை நான் பண்ணதுதான் முதல்ல. இன்னொண்ணு கேக்கணும். எம்.ஐ.பி.யில 10 ஸ்பைக்கும் அதே 0.1 மில்லிநொடிப் படியில விழுது. நிஜத்துல அப்படி இருக்காதே. ஆளுக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன தள்ளினா இந்த விளைவு மொத்தமா போயிடுமா?

#10 மேகலை_கணி

போகாது தம்பி, எவ்வளவு தள்ளுறோம்ங்கிறதைக் காலமாறிலியோட ஒப்பிடணும். ஒவ்வொரு நகலையும் 5 மில்லிநொடி திட்டவிலக்கத்தோட காஸியன்ல நகர்த்தினதா வெச்சுப்போம். ரெண்டு நகலுக்கு இடையில உள்ள வித்தியாசத்தோட திட்டவிலக்கம் 7.07 மில்லிநொடி. சவ்வு அதை 20 மில்லிநொடி எக்ஸ்பொனென்ஷியலாப் பார்க்குது. ஒருங்கமைந்த பகுதியோட பரவற்படியில சுமார் 77 சதவீதம் அப்படியே மிஞ்சும்.

ஆனா நெட்வொர்க்குக்குள்ள சினாப்ஸ் மழை கொட்டுற நிலையில கடத்துதிறன் ஏறி செயல்படுகிற காலமாறிலி 5 மில்லிநொடிக்கு இறங்கிடுச்சுன்னா, அதே நகர்த்தலுக்கு 43 சதவீதம்தான் மிச்சம். அதனால “ஒட்டுறவு 0.01”னு எழுதும்போது பக்கத்துலயே எந்தக் கால அகலத்துலன்னும் எழுதணும். இல்லன்னா அந்த எண்ணை வெச்சு எதையும் திரும்பச் செய்ய முடியாது.

நகர்த்தும்போது முன்பக்கம் போற ஸ்பைக் பூஜ்யம் நேரத்துக்குக் கீழ போகும். எல்லாத்துக்கும் 20 மில்லிநொடி நிலையான தாமதம் கூட்டிட்டு நகர்த்துங்க.

#11 குறுக்குச்சால்

இவ்வளவும் தடுப்பே இல்லாத நியூரானுக்கு. கார்டெக்ஸ்ல (மூளையோட வெளிப்புறணி) அஞ்சுல ஒண்ணு தடுப்பு. அதையும் சேர்த்து, அதுவும் அதே தாய்க்குக் கட்டுப்பட்டதுன்னு வெச்சுப் பாருங்க. உங்க 10.99 எங்க போகுதுன்னு தெரியும்.

#12 தெளிமானி

போட்டுப் பார்க்கலாம். 800 தூண்டு, 200 தடுப்பு. தடுப்பின் எடை நான்கு மடங்கு, −0.4 மில்லிவோல்ட். ரேட் எல்லோருக்கும் 5. சராசரி பூஜ்யம் ஆகிவிடும், ஆகவே −60க்கு நிறுத்த வெளியிலிருந்து ஒரு நிலையான மின்னோட்டம் கொடுங்கள்.

ஒரு தாய் நிகழ்வில் சராசரி 8 தூண்டு, +0.8. 2 தடுப்பு, −0.8. ஒட்டுறவால் வரும் பகுதி மொத்தமாகக் கழிந்துவிட்டது. மிஞ்சுவது தனித்தனி உள்ளீட்டின் சிதறல் மட்டும். ஜோடி ஒட்டுறவு எல்லா ஜோடிக்கும் 0.01 இருக்கிறது, ஆனால் நியூரான் அதைக் காண்பதே இல்லை.

மூன்று எண்கள் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன: தூண்டு-தூண்டு, தடுப்பு-தடுப்பு, தூண்டு-தடுப்பு. முதல் இரண்டும் ஆட்டத்தைக் கூட்டும், மூன்றாவது இரண்டு மடங்காகக் கழிக்கும். சலினாசும் செய்னோவ்ஸ்கியும் 2000இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். தூண்டலும் தடுப்பும் சேர்ந்தே ஏறி இறங்குவதை உயிருள்ள மூளையில், பக்கத்துப் பக்கத்து நியூரான்களில் ஓகுனும் லாம்பலும் 2008இல் அளந்தார்கள்.

ஆனால் தடுப்பு ஒரு படி தாமதமாக வரும் அல்லவா? 2 மில்லிநொடி தாமதம் வைத்தால் கழிவு முழுமையாகாது. தூண்டு மட்டும் இருந்தால் வரும் கூட்டுப் பரவற்படியில் சுமார் 19 சதவீதம் தங்கும். அதோடு அந்த 2 மில்லிநொடிக்குள் +0.8 முழுசாக நிற்கிறது. த்ரெஷோல்டு பக்கத்தில் இருந்த நியூரான் அந்தச் சந்தில் புகுந்து ஸ்பைக் போட்டுவிடும், தடுப்பு வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும். தாமதத்தைப் பூஜ்யமாக வைத்த மாதிரியில் இது தெரியவே தெரியாது.

#13 அலைவரிசை

இப்ப நெட்வொர்க்குக்கு வரேன். புருனெல் 2000ல வெளியிட்ட நெட்வொர்க் மாடல்: 10,000 தூண்டு, 2500 தடுப்பு, இணைப்பு வாய்ப்பு 0.1, தாமதம் 1.5 மில்லிநொடி, தடுப்பு எடை 5 மடங்கு. எந்த ரெண்டு நியூரான எடுத்தாலும் சராசரியா 100 தூண்டு, 25 தடுப்பு உள்ளீடு பொதுவா இருக்கும். பத்துல ஒரு பங்கு ஒரே உள்ளீடு. அப்ப உள்ளீட்டு ஒட்டுறவு 0.1 வரணுமே. ஆனா அசின்க்ரனஸ் நிலையில (எல்லாரும் சேர்ந்து துள்ளாத நிலை) ஸ்பைக் ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கு. வெளி உள்ளீடு தனித்தனியா வர்றதால நீர்த்துப்போகுதா?

#14 தெளிமானி

நீர்த்துப்போவதும் கொஞ்சம் உண்டு. முதன்மைக் காரணம் அது இல்லை.

0.1 என்ற கணக்கு, உள்ளே வரும் தொடர்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்று நம்பிப் போட்டது. நெட்வொர்க்குக்குள் அப்படி இல்லை. தூண்டு நியூரான்களின் மொத்த ரேட் தற்செயலாகச் சற்று ஏறுகிறது என்று வையுங்கள். அது எல்லோருக்கும் போகிறது, தடுப்பு நியூரான்களுக்கும் போகிறது. ஒன்றரை மில்லிநொடிக்குப் பின் தடுப்பு ஏறி, ஏறியதை அமுக்குகிறது. ஒவ்வொரு நியூரானின் உள்ளீட்டிலும் தூண்டலைத் தடுப்பு பின்தொடர்கிறது. பகிர்ந்த உள்ளீட்டால் வந்த நேர்மறை ஒட்டுறவை, நியூரான்களுக்கு இடையே நெட்வொர்க் தானாக வளர்த்துக்கொண்ட ஒட்டுறவுகள் வந்து கழிக்கின்றன. #12இல் கையால் வைத்த சமநிலையை இங்கே சுற்று தானே உண்டாக்கிக்கொள்கிறது.

ரெனார்ட் குழு 2010இல் சயன்ஸ் இதழில் இதை அடர்த்தியான நெட்வொர்க்குக்குக் காட்டியது. பகிர்வு எவ்வளவு இருந்தாலும் சராசரி ஒட்டுறவு, நியூரான் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் சுருங்குகிறது. டெட்ஸ்லாஃப், ஹெலியாஸ், ஐனெவோல், டீஸ்மன் 2012இல் எதிர்மறைப் பின்னூட்டம் என்ற கோணத்தில் எழுதினார்கள். அவர்கள் பார்வையில் தூண்டல் கூட முக்கியமில்லை. தடுப்பு மட்டுமே உள்ள நெட்வொர்க்கிலும் இது நடக்கும்.

#15 குறுக்குச்சால்

கேக்க அழகா இருக்கு. பின்னூட்டம்தான் காரணம்னு எப்படி நிரூபிப்பீங்க? சுற்றை வெட்டினா ரேட்டும் மாறிடும், அப்புறம் எதை எதோட ஒப்பிடுறது?

#16 மேகலை_கணி

ரேட் மாறாம வெட்டலாம். இப்படி:

முதல் ஓட்டம், முழு நெட்வொர்க். 12,500 நியூரானோட ஸ்பைக்கையும் பதிவு பண்ணுங்க. முதல் 500 மில்லிநொடியைத் தூக்கிப் போடுங்க. தொடக்கத்துல எல்லாரும் சேர்ந்து துள்ளுவாங்க, அது ஒட்டுறவைப் பொய்யா ஏத்திடும்.

ரெண்டாவது ஓட்டம். அதே இணைப்பு அணி, அதே எடை, அதே தாமதம். ஆனா அனுப்புற பக்கத்துல நிஜ நியூரானுக்குப் பதிலா 12,500 பேரட். ஒவ்வொரு பேரட்டுக்கும், முதல் ஓட்டத்துல அந்த நியூரானுக்கு இருந்த சராசரி ரேட்ல தனித்தனி பாய்சான். வாங்குற நியூரான்களோட ஸ்பைக் எங்கயும் திரும்பப் போகாது. உள்ள வர்ற சராசரி அதே. பகிர்வும் அதே 100, 25. போனது பின்னூட்டம் மட்டும். இதுல நியூரான் கூட்டத்தோட மொத்த ரேட்டோட தாழ் அதிர்வெண் ஆட்டமும் ஜோடி ஒட்டுறவும் முதல் ஓட்டத்தை விடப் பளிச்சுன்னு ஏறும்.

மூணாவது ஓட்டம் சரிபார்ப்பு. பாய்சானுக்குப் பதிலா முதல் ஓட்டத்துல பதிவான ஸ்பைக்கையே பேரட் வழியா அனுப்புங்க. ஒட்டுறவு திரும்ப இறங்கும். இறங்கலைன்னா இணைப்பு அணியை மாத்தி ஏத்திட்டீங்கன்னு அர்த்தம்.

ரெண்டாவது ஓட்டத்துல பேரட்டை விட்டுட்டு பாய்சான் ஜெனரேட்டரையே நேரா இணைச்சா, #8ல சொன்ன அதே பள்ளம். ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தொடர் போயிடும், பகிர்வே இருக்காது, ஒட்டுறவு பூஜ்யம் வரும். “பின்னூட்டம் இல்லாமலே ஒட்டுறவு இல்லையே”ன்னு தப்பா முடிவு எடுப்போம்.

அலைவரிசைக்கு ஒரு எச்சரிக்கை: லேப்டாப்புல ஓடணும்னு நெட்வொர்க்கைச் சுருக்கிடாதீங்க. 10,000 தூண்டு நியூரானை 2000 ஆக்கி, ஆளுக்கு 1000 இணைப்புன்னு வெச்சுக்கிட்டா இணைப்பு வாய்ப்பு 0.5, ரெண்டு பேருக்குப் பொதுவானது 500. ரேட் வேணா சரியா வரும். ஒட்டுறவு வராது. வான் அல்படா, ஹெலியாஸ், டீஸ்மன் 2015ல இதுக்காகவே ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒட்டுறவையும் ரேட்டையும் ஒருசேரக் காப்பாத்திக்கிட்டுச் சுருக்குறதுக்கு இடமே ரொம்பக் குறைவு. பாட்யன்ஸ்-டீஸ்மன் 2014 மாடலை ஒரு சதுர மில்லிமீட்டர் கார்டெக்ஸோட முழு அடர்த்தியில, சுமார் 77,000 நியூரான், 30 கோடி சினாப்ஸோட ஓட்டுறதுக்குக் காரணம் வீம்பு இல்ல.

#17 பழைய_பாய்சான்

அளப்பது பற்றி யாரும் பேசவில்லையே. இந்த இழையில் சொன்ன பாதி வித்தியாசம் அளக்கும்போதே தொலைந்துவிடும்.

ஒட்டுறவுக் கெழுவின் திட்டப்பிழை ஏறக்குறைய 1 ÷ √பெட்டி எண்ணிக்கை. 10 நொடிப் பதிவு, 100 மில்லிநொடிப் பெட்டி என்றால் 100 பெட்டி, பிழை 0.1. நீங்கள் தேடுவது 0.01. ஒரே ஜோடியில் பிழையை 0.01க்குக் கொண்டுவரவே 1000 நொடி வேண்டும். பெட்டியை 1 மில்லிநொடியாக்கி எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குறுகிய பெட்டியில் ஒட்டுறவே சுருங்கிவிடும், ஏனென்றால் ஒன்றாக ஏறும் இரண்டு நியூரான்கள் அதே மில்லிநொடியில் ஸ்பைக் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

சராசரி ஒட்டுறவு மட்டும் வேண்டுமென்றால் ஜோடி ஜோடியாக ஏன் போகிறீர்கள்? 500 நியூரானைக் கூட்டி ஒரே தொடராக்குங்கள். கூட்டின் பரவற்படியை, தனித்தனிப் பரவற்படிகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள். ஒன்றைக் கழித்து 499ஆல் வகுத்தால் சராசரி ஒட்டுறவு வந்துவிடும் (நியூரான்களின் ரேட் ஓரளவு ஒத்திருக்க வேண்டும்). விகிதம் 1.5 வந்தால் ஒட்டுறவு 0.001. ஜோடிக் கணக்கில் இதைப் பார்க்கவே முடியாது.

ரேட் மெதுவாக ஏறி இறங்கினால் எல்லா ஜோடியும் ஒட்டுறவு காட்டும். ஒரு நியூரானின் ஓட்டம் 1ஐ இன்னொன்றின் ஓட்டம் 2உடன் ஒப்பிட்டு வருவதைக் கழித்துவிடுங்கள்.

#18 குறுக்குச்சால்

அதோட சேர்த்து ரெண்டு.

ஒண்ணு, ஸ்பைக்குக்குப் பதில் இரைச்சல் மின்னோட்டம் போடுறவங்களுக்கு. பொதுப் பகுதிக்கு √ஒட்டுறவு, தனிப் பகுதிக்கு √(1 − ஒட்டுறவு), அந்தப் பெருக்கம் எல்லாருக்கும் தெரியும். தப்பு நடக்கிறது காலப்படியில. இரைச்சலை படி ÷ காலமாறிலியால பெருக்கிடுறாங்க. பெருக்க வேண்டியது √(2 × படி ÷ காலமாறிலி). 0.1 மில்லிநொடிப் படி, 20 மில்லிநொடி காலமாறிலின்னா தப்பா எழுதினதுல ஆட்டம் 20 மடங்கு சின்னதா வரும். படியை மாத்தினா முடிவும் மாறும். படியைப் பாதியாக்கிப் பாருங்க, திட்டவிலக்கம் அப்படியே நிக்கணும்.

ரெண்டு, ரேட் பொறி. டே லா ரோச்சா, டாய்ரான், ஷீ-பிரவுன், யோசிச், ரெயஸ் 2007ல நேச்சர்ல காட்டினது: உள்ளீட்டு ஒட்டுறவை அசைக்காம சராசரியை மட்டும் ஏத்தினாலே வெளியீட்டு ஒட்டுறவு ஏறும். த்ரெஷோல்டுக்கு ரொம்பக் கீழ இருக்கிற நியூரான் உள்ளீட்டோட பெரும்பகுதிய வெளிய காட்டுறதே இல்ல, ஒட்டுறவும் அதோட சேர்ந்து அமுங்கிடும். அதனால ஒரு நிலையில 5 ஹெர்ட்ஸ், இன்னொண்ணுல 15 ஹெர்ட்ஸ், “ஒட்டுறவு கூடிடுச்சு, இணைப்பு பலமாயிடுச்சு”ன்னு எழுதினா நான் நம்ப மாட்டேன். ரெண்டு பக்கமும் ரேட் ஒத்துப்போற நியூரான்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டுட்டு வாங்க.

#19 அலைவரிசை

நிஜ மூளையில அளந்த எண் எவ்வளவு சார்? 0.01 வெச்சது சரியா?

#20 தெளிமானி

ஒரே எண் கிடையாது. சோஹரி, ஷாட்லன், நியூசம் 1994இல் குரங்கின் எம்.டி. பகுதியில் (அசைவைக் காணும் மூளைப் பகுதி) அளந்தது சராசரி 0.12. அந்த அளவு இருந்தால் எத்தனை நியூரானைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் இரைச்சல் ஒற்றை நியூரானின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காது. 50, 100 தாண்டிச் சேர்ப்பது வீண் என்று அவர்கள் எழுதினார்கள். 2010இல் எக்கர் குழு விழித்திருக்கும் குரங்கின் வி1இல் (முதன்மைப் பார்வைப் பகுதி) அளந்தது 0.01 பக்கம். பகுதி வேறு, பதிவு முறை வேறு, ரேட் வேறு, விலங்கின் நிலை வேறு. பழைய_பாய்சானும் குறுக்குச்சாலும் சொன்ன பொறிகளும் உண்டு. மாதிரிக்கு 0.01 வையுங்கள், 0.1 வரை ஏற்றிப் பாருங்கள்.

#21 அலைவரிசை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு. சினாப்ஸ் எடையை 0.2 ஆக்கிப் பார்த்தேன், பழைய நியூரான்லயே, தடுப்பு இல்லாம. இப்ப தனித்தனி உள்ளீட்டுக்கும் எம்.ஐ.பி.க்கும் பெரிய வித்தியாசமே இல்ல. ஒட்டுறவு வேலை செய்யறத நிறுத்திடுச்சா?

#22 தெளிமானி

சராசரியைக் கணக்குப் போடுங்கள். 0.2 × 5000 × 0.02 = 20 மில்லிவோல்ட். −50. த்ரெஷோல்டுக்கு மேலேயே இருக்கிறது. ஆட்டமே இல்லாவிட்டாலும் 30 மில்லிநொடிக்கு ஒரு ஸ்பைக், 34 ஹெர்ட்ஸ். ஒட்டுறவு சேர்த்தால் டிஃப்யூஷன் தோராயத்தில் 40க்குக் கிட்ட வரும், அவ்வளவுதான். ஏறுகிற வண்டியை யார் தள்ளினாலும் மேலேதான் போகும்.

ரேட்டைப் பார்க்காதீர்கள். அடுத்தடுத்த ஸ்பைக்குகளின் இடைவெளியை ஹிஸ்டோகிராமாகப் போடுங்கள். தனித்தனி உள்ளீட்டில் 30ஐ ஒட்டி ஒல்லியாக நிற்கும், எம்.ஐ.பி.யில் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும். ஒட்டுறவு இப்போது அங்கேதான் இருக்கிறது.

#23 மேகலை_கணி

ஹிஸ்டோகிராம் போடும்போது முதல் இடைவெளியை விட்டுடுங்க தம்பி, −70லருந்து ஏறி வர்ற நேரம் அதுல கலந்திருக்கும். பெட்டி 1 மில்லிநொடி போதும்.

#24 பழைய_பாய்சான்

16 ஆண்டு ஓட்டம் முடிந்ததும் அதற்கும் ஒரு ஹிஸ்டோகிராம் போடவும். இடைவெளி காண இரண்டு ஸ்பைக் வேண்டும், ஆகவே 32.